எமது வீட்டுச் செங்கூடாரம்

மார்கழி மழை ஓய்ந்து தை மாதத்து வெயில் ஏறத் தொடங்கியதும் எலுவன்குளத்தில் எமது வீட்டு முற்றத்திலே ஆண்டுதோறும் ஒரு வேலை நடைபெறும். வளையில் தொங்கும் பெரிய பொதியொன்றை இருவர் சேர்ந்து இறக்குவோம். கட்டை அவிழ்த்து, வேப்பிலைச் சருகுகளை உதறிவிட்டு, செம்மண் நிறம் ஏறிய படங்குத் துணியை இரு மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றின்மீது விரித்துப் போடுவோம். வீதியாற் செல்பவர்கள், "என்ன, மடுவுக்கு இப்பவே ஆயத்தமோ?" என்று கேட்டு நகைப்பார்கள். மடுமாதாவின் ஆவணித் திருநாளுக்கு இன்னும் ஏழு மாதங்கள் உண்டு. ஆயினும் கூடாரம் வைத்திருப்பவனுக்கு யாத்திரை வருஷம் முழுவதும் நடக்கிற காரியம் என்பதை அவர்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

எலுவன்குளத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக வடக்கே சென்றால், பழைய மன்னார் வீதி வில்பத்துக் காட்டுக்குள் நுழைவதற்கு முன்னே இருப்பது எமது ஊர். தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய கலாவாவியிலிருந்து புறப்படும் கலா ஓயா இவ்விடத்திலேதான் கடலை நெருங்குகிறது. மாரியில் ஆறு பெருகிச் சப்பாத்துப் பாலத்தை மூடிவிடும். ஆற்றின் முகத்திலே கங்கைவாடிக் கண்டற்காடு. மேற்கே புத்தளம் கடனீரேரி. மழைக்காலத்திலே ஈரமும், கோடையிலே உப்புக் காற்றும், இரு காலத்திலும் கறையானும் எமக்குக் குறைவில்லை. பருத்தித் துணிக்கு இம்மூன்றையும்விடக் கொடிய பகைவர்கள் உலகில் இல்லை.

எமது தந்தையார் இக்கூடாரத்தை 1962ஆம் ஆண்டு ஓர் ஏலத்தில் வாங்கினார். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. இரண்டு கம்பங்கள், ஒரு முகட்டுக் கம்பு, இருபத்துநான்கு முளைகள். அக்காலத்தில் மடுவுக்குப் போகும் குடும்பங்களிற் பல, கிடுகும் தடியும் லொறியில் ஏற்றிச் சென்று காட்டிலே கொட்டில் போட்டுத் தங்குவது வழக்கம். எமக்கென ஒரு படங்குக் கூடாரம் கிடைத்தது ஊரிலே பெரிய பேச்சாயிற்று. பவுல் என வழங்கும் புனித சின்னப்பர் கூடாரத் தொழில் செய்து சீவித்தவர் என்பதைத் தந்தையார் அடிக்கடி நினைவூட்டுவார். அத்தொழிலின் அருமை எமக்குப் பின்னரே விளங்கியது.

வாங்கிய வாரமே அவர் செய்த காரியம் எமக்கு வியப்பைத் தந்தது. நல்ல வெயிலிலே கூடாரத்தை அடித்து நிறுத்தி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக அதன்மேல் ஊற்றினார். உள்ளே இருந்த எமக்குத் தையல் வரிசைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. "ஏலத்தில் ஏமாந்துவிட்டீர்கள்" என்றார் தாயார். மறுநாள் காய்ந்தபின் மீண்டும் ஊற்றினார். மூன்றாம் நாள் ஒரு சொட்டும் விழவில்லை. காரணம் இதுதான். பருத்தி நூல் நீரை உண்டு பருக்கும். பருத்த நூல்கள் ஒன்றையொன்று நெருக்கி, ஊசி துளைத்த துவாரங்களையும் அடைத்துவிடும். நனைந்து காய்ந்து பழகினாலன்றிப் பருத்திக் கூடாரம் கூடாரமாகாது. நனைந்தால் வலிமை குன்றாமல் கூடுகின்ற நார் பருத்தி என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

மழை பெய்கையில் உட்புறத்தைத் தொடலாகாது என்பது எமக்கு விதிக்கப்பட்ட முதற் கட்டளை. இழைகளுக்கிடையேயுள்ள நுண்ணிய துளைகளிலே நீர் தன் மேற்பரப்பின் இழுவிசையால் தங்கி நிற்கும், கீழே இறங்காது. விரலோ, தலையோ, தொங்கவிட்ட துணியோ அவ்விடத்தில் உரசினால் நீர் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே வழியத் தொடங்கும். பிள்ளைகள் இருக்கும் கூடாரத்தில் இக்கட்டளை மீறப்படாதிருக்குமா? மீறப்பட்டால் தந்தையார் கோபிப்பதில்லை. சொட்டும் இடத்தில் விரலை வைத்து, துணியோடு ஒட்டியபடியே கீழ்விளிம்பு வரை ஒரு கோடு இழுப்பார். நீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக இறங்கிவிடும், பாய்மேல் விழாது. எங்கள் பிள்ளைப் பருவத்தில் இதனை ஒரு மந்திரவித்தையாகவே கருதினோம்.

கயிற்றைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். மாலையிலே வீணைத் தந்திபோல் முறுக்கிக் கட்டிவிட்டு உறங்கினால், நள்ளிரவு மழையிலோ பனியிலோ அது சுருங்கி, முளையைப் பிடுங்கும். அல்லது பித்தளை வளையத்தோடு துணியைக் கிழிக்கும். ஆதலின் படுக்குமுன் கட்டுக்கயிறுகளைச் சிறிது தளர்த்துவது தந்தையாரின் இரவுச் செபத்துக்கு அடுத்த கடமை.

இவ்வளவும் கண்டு வளர்ந்த நாமே அக்கூடாரத்துக்குத் தீங்கு செய்தோம் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

1974ஆம் ஆண்டு ஆவணித் திருநாள். எமக்கு அப்பொழுது 18 வயது. திருநாள் முடிந்த இரவு காலந்தப்பி ஒரு மழை பெய்தது. விடியற்காலையில் லொறிக்காரர் அவசரப்படுத்தவே கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி ஏற்றினோம். தந்தையார் உறவினர் ஒருவரைக் காணவேண்டி மதவாச்சியில் இறங்கினார். இறங்கும்போது, "வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை விரித்துவிடு" என்றார். நாம் தலையசைத்தோம். வீடு வந்ததும் களைப்பு, மறுநாள் தோழர்கள், அதற்கடுத்த நாள் வேறொன்று. மூன்றாவது வாரம் தாயார், "மூலையில் என்ன மணக்கிறது?" என்று கேட்டபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது.

விரித்துப் பார்த்தோம். துணியெங்கும் கரும்புள்ளிகள். பூஞ்சணம் அழுக்கைப் போன்றதன்று, அஃது உயிர். ஈரமும் இருளும் புழுக்கமும் கிடைத்தால் இரண்டொரு நாளிலேயே முளைத்துப் பருத்தி நாரையே உணவாகத் தின்னும். புள்ளியைத் தேய்த்து நீக்கலாம். தின்று தீர்த்த நாரைத் திருப்பித் தர எவராலும் இயலாது. ஒரு பக்கத் திரையைத் தந்தையார் பெருவிரலால் அழுத்தினார். அது கடுதாசிபோலக் கிழிந்தது. அவர் எம்மை ஏசவில்லை. அடித்திருந்தாலும் அவ்வளவு நொந்திரோம்.

எமது ஊரிலே பாய்கட்டும் முதியவர் ஒருவர் இருந்தார். கடனீரேரி வள்ளங்களுக்குப் பாய் தைப்பதும் மராமத்துப் பார்ப்பதும் அவர் தொழில். சிறுவரும் பெரியவரும் அவரை 'நானா' என்றே அழைப்போம். தந்தையார் கூடாரத்தைச் சைக்கிளில் கட்டி அவரிடம் கொண்டுபோனார். நாம் பின்னே நடந்தோம். நானா துணியை முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பின்னர் எம்மை நோக்கி, "தம்பி, பாய் கடலிலே நனைஞ்சு கெட்டதை நான் கண்டதில்லை. கரையிலே மடிச்சு வைச்சுக் கெட்டதைத்தான் கண்டிருக்கிறன்" என்றார். அவ்வளவுதான் எமக்குக் கிடைத்த கண்டனம். தண்டனையோ வேறுவிதமாக அமைந்தது. பத்து நாட்கள் அவருக்குக் கீழே வேலை.

முதலில் வெயில். நன்றாகக் காய்ந்த பின்னர் மெல்லிய தூரிகையால் உலர்ந்த பூஞ்சணத்தை வீட்டுக்கு எதிர்த்திசையில் துடைத்து நீக்கினோம். அதன்பின் ஒரு பங்கு தென்னை வினாகிரிக்கு நான்கு பங்கு நீர் சேர்த்துத் துடைத்து, பிடிவாதமான புள்ளிகளில் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி வெயிலில் விட்டு, நல்ல தண்ணீரால் பலமுறை அலசினோம். உப்பைத் துணியில் தங்கவிடக் கூடாது என்பதில் நானா மிகக் கண்டிப்பானவர். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உப்பேறிய துணி பகலெல்லாம் காய்ந்தாலும் அந்தியிலே மீண்டும் பிசுபிசுக்கும். கடற்காற்றுப் படும் ஊர்களிலே, மழையே நனைக்காத கூடாரத்தையும் ஆண்டுக்கொருமுறை நன்னீரால் அலசவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பின்னர் கண்டற்பட்டை. அக்காலத்தில் வலைக்கும் பாய்க்கும் கண்டற்பட்டைச் சாயம் ஏற்றுவது கரையோர மக்களின் பழைய வழக்கம். பட்டையை இடித்து, பெரிய பீப்பாவிலே நீர் கருஞ்சிவப்பாகும்வரை காய்ச்சி, ஆறவைத்து, துணியை ஊறப்போடுவார்கள். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் நாரிலே பற்றி, அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கும். ஆறு நாட்கள் பட்டை இடித்தோம், கை கொப்பளித்தது. எமது வெள்ளைக் கூடாரம் செங்கூடாரமானது அவ்வாறுதான். இன்று அந்தப் பட்டையைத் தேடி எவரும் புறப்படலாகாது. கண்டற்காடுகளை நாடெங்கும் காக்கும் திட்டம் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் இடத்தை ஒரு துணிக்காக உரிப்பது முறையுமன்று.

கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போடும் முறையையும் அவர் கற்பித்தார். பழைய துணிக்கு நனைத்துச் சுருக்காத புதுத்துணி ஆகாது; மழையில் அது மட்டும் சுருங்கிச் சுற்றியுள்ள துணியை இழுத்துக் கிழிக்கும். அதே கனமுள்ள, பலமுறை நனைந்த துணியே வேண்டும். ஒட்டின் இழைகள் கூடாரத் துணியின் இழைகளோடு ஒரே திசையில் ஓடவேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து, தேன்மெழுகு பூசிய நூலால் இருவரிசை தைக்கவேண்டும். ஒரு பழைய படங்கிலிருந்து வெட்டிய துண்டால் அந்தப் பக்கத் திரையை நாமே தைத்து முடித்தோம். நானா தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "பரவாயில்லை" என்றார். பிற்காலத்தில் பெற்ற எந்தப் பாராட்டும் எமக்கு அவ்வளவு இனிக்கவில்லை.

மழை உட்புகாதிருக்க வீட்டிலேயே செய்யத்தக்க பூச்சு ஒன்றுண்டு. ஒரு வாளி வெந்நீரில் அரை இறாத்தல் பார் சவர்க்காரத்தைச் சீவிக் கரைப்போம். மற்றொரு வாளியில் அரை இறாத்தல் படிகாரம். சவர்க்கார நீரைத் தூரிகையால் துணிக்குப் பூசி, அரைவாசி காய்ந்ததும் படிகார நீரைப் பூசுவோம். சவர்க்காரம் தனித்து நின்றால் துணியின் நீர்த்தடுப்பைக் கெடுக்கும். ஆதலினாலேயே கூடாரத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவலாகாது என்பார்கள். படிகாரத்தோடு சேரும்போதோ அது நீரில் கரையாத ஒரு பொருளாக மாறி, இழைகளிலே மெழுகுபோற் படிந்துவிடும். இக்காலத்துச் சலவைத் தூள்கள் இதற்கு உதவா.

மெழுகை எண்ணெயில் உருக்கிப் பூசுவோரும் உண்டு. அத்தகையோர் நெருப்பை மறக்கலாகாது. 1944ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரிலே ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி 160க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். மழைக்காகப் பரபின் மெழுகைப் பெற்றோலிற் கரைத்துப் பூசிய துணி அது. எமது தந்தையார் அரிக்கேன் லாந்தரைக் கூடாரத்துக்கு வெளியே தனிக்கம்பத்தில்தான் தொங்கவிடுவார். மெழுகுதிரியை மாதா கோவிலோடு விட்டுவிட்டு வரவேண்டும் என்பார்.

தந்தையார் 1983இல் காலமானார். நானா அவருக்கு முன்னரே போய்விட்டார். போர் வந்தது, எமது குடும்பத்தின் மடு யாத்திரை நின்றது. செங்கூடாரம் வளையிலே தொங்கியது. ஆயினும் ஆண்டுதோறும் தை மாதத்தில் அதனை இறக்கி விரிக்க நாம் தவறவில்லை. 1974இன் வெட்கம் எம்மைத் தவறவிடவில்லை என்பதே சரி.

1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். சுமார் 70,000 பேருக்கு மேற்பட்டோர் வீடு, நிலம், வள்ளம், நகை யாவற்றையும் விட்டு வந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தனர். புத்தளத்துப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிரம்பி வழிந்தன. நவம்பர் தொடக்கத்தில் அவர்களுள் ஒரு குடும்பம் அறிமுகமானவரைத் தேடி எமது ஊருக்கு வந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்து பதினொரு நாட்கள். அறிமுகமானவர் வீட்டிலோ முன்னரே வந்த இரு குடும்பங்கள். மேற்கே மேகம் கறுத்திருந்தது.

நாம் வளையைப் பார்த்தோம், தாயாரைப் பார்த்தோம். அது மாதாவின் திருநாளுக்கென்று வைத்த கூடாரம். தந்தையாரின் கை பட்ட பொருள். அதனை வேறொரு தேவைக்கு எடுப்பதில்லை என்பது வீட்டின் எழுதாத சட்டம். கலியாண வீட்டுக்குக் கேட்டவர்களுக்கும் தாயார் மறுத்திருக்கிறார். எமக்குக் கேட்கத் துணிவில்லை. அவரே எழுந்து வந்து, "என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? இறக்கு. மாதாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போனவதானே" என்றார்.

அன்று மாலை எமது காணியின் மேட்டிலே, கொம்பு முறிந்து விழக்கூடிய மரங்களுக்கு எட்டாமல், கூடாரத்தை நிறுத்தினோம். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். இரவு மழை கொட்டியது. நாம் உறங்கவில்லை. மழைக்காக வருந்தினோமா, அல்லது பதினாறு வருடங்களுக்கு முன்னே மடித்து வைத்த ஈரம் எங்கேனும் ஒரு நூலை உள்ளுக்குள்ளே தின்று வைத்திருக்குமோ என்று அஞ்சினோமா என்று பிரித்துச் சொல்ல இயலாது. தந்தையார் பெருவிரலால் அழுத்திய சத்தம் காதிலே கேட்டுக்கொண்டிருந்தது. நள்ளிரவில் லாந்தரோடு ஓடினோம். கட்டுக்கயிறுகள் முறுகி நின்றன, ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். உள்ளே அந்தத் தாய் விழித்திருந்தார். குழந்தையின் துணிகளை ஒரு பக்கத் திரையோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார். அவ்விடத்தில் மட்டும் நீர் இறங்கியது. துணிகளை எடுத்துவிட்டு, வெளிச்சத்தைப் பிடிக்கச் சொல்லி, விரலால் ஒரு கோடு இழுத்தோம். நீர் கோட்டோடு இறங்கியது. அவருடைய மூத்த பிள்ளை கண்ணகல அதனைப் பார்த்தான். நாம் தைத்த ஒட்டு உலர்ந்தே இருந்தது.

அவர்கள் நான்கு மாதங்கள் அதிலே வாழ்ந்தார்கள். பின்னர் முகாமொன்றில் கிடுகுக் கொட்டில் கிடைத்துப் போனார்கள். கூடாரத்தை அவர்களே கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, வேப்பிலை இட்டு மடித்துக் கொண்டுவந்து தந்தார்கள். முகட்டோரத்தில் உண்டான ஒரு கிழிசலுக்கு அந்தத் தாய் ஒட்டுப் போட்டிருந்தார். சாரத் துணி, நீலமும் வெள்ளையும் கலந்த சதுரங்கள். நானாவின் சட்டப்படி அதிலே எல்லாம் பிழை. துணி மெல்லியது; இழை குறுக்கே ஓடியது; மூலைகள் கூராக இருந்தன. "வேறு துணி இருக்கவில்லை அம்மா" என்று அவர் தாயாரிடம் தலைகுனிந்தார். அந்தச் சாரம் அவர்கள் ஊரிலிருந்து உடுத்து வந்த ஒன்று என்பது பிறகு தெரிந்தது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2010 ஆவணியில் செங்கூடாரம் மீண்டும் மடுவுக்குப் போயிற்று. அந்த மண்ணும் எத்தனையோ கூடாரங்களைக் கண்டிருந்தது. 1990 முதல் போரிலே வீடிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே தஞ்சமிருந்தார்கள். 1999 நவம்பரில் ஆலயத்தின்மீது எறிகணை வீழ்ந்து தஞ்சமிருந்தோர் பலர் மாண்டனர். 2008 ஏப்பிரலில் மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆவணியில் திரும்பி வந்தது. அங்கே முளை அடிக்கும்போது, யார் யாருடைய முளைகள் இதே மண்ணில் இறங்கியிருந்தன என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

இப்பொழுது எமது பேரப்பிள்ளைகளிடம் நைலோன் கூடாரம் ஒன்று இருக்கிறது. ஒருவர் கையில் தூக்கலாம். ஐந்து நிமிடத்தில் விரியும். அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் அதன் உட்புறம் மூச்சின் ஈரத்தால் வியர்த்து நிற்கும். பருத்தியோ மூச்சு விடும். அன்றியும், அது கிழிந்தால் வேறொன்று வாங்குவார்கள். செங்கூடாரம் கிழிந்தால் ஊசி தேடவேண்டும்.

சாரத் துணி ஒட்டு இன்னும் முகட்டோரத்திலே இருக்கிறது. மழை பட்டால் சுருங்கிச் சுற்றியுள்ள துணியைச் சிறிது இழுக்கிறது. பிரித்துவிட்டு முறைப்படி தைக்கவேண்டும் என்று ஒவ்வொரு தை மாதமும் ஊசியும் மெழுகுநூலும் எடுத்து வருவோம். அதன் ஓரங்களில் ஒரு வரிசை தையலைக் கூட்டுவதோடு திருப்தியடைந்து, பிரிக்காமல் விட்டுவிடுவோம். அந்தக் குடும்பம் மீண்டும் மன்னாரில் குடியேறியிருக்கிறது. நாம் மடுவுக்குப் போகும் ஆண்டுகளில் கருவாட்டுப் பொதியோடு கூடாரத்துக்கு வருவார்கள். அன்று பதினொரு நாட் குழந்தையாயிருந்தவர் முப்பதைக் கடந்தவர். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து அந்த ஒட்டைத்தான் முதலிற் பார்ப்பார்.

இவ்வாண்டும் மூன்று நாள் வெயில் காட்டியாயிற்று. பேரன் பொதியைக் கட்டக் கயிறோடு நின்றான். தையல் மடிப்புகளில் கையை வைத்துப் பார்த்தோம். மடிப்புகளே கடைசியிற் காய்கின்ற இடம். இன்னும் சற்றுக் குளிர்ந்திருந்தது. "நாளைக்குக் கட்டுவோம், மகன்" என்று மறுபடி விரித்துவிட்டோம்.